கால்மிதி தந்த நாதம்

கலைஞர்களின் வரலாறுகள் நம்மிடையே ஏராளமாக உள்ளன. அக்கலைஞர்களின் கைக்குக் கருவி செய்து கொடுத்தவர்களின் வரலாறுகளோ மிகச் சில. வீணை வாசித்தவரைப் போற்றுகின்றோம்; அவ்வீணைக்கு மரம் தெரிந்தெடுத்துக் குடைந்தவரை மறந்துவிடுகின்றோம். இக்குறையை முற்றாக நீக்குதல் ஒருவரால் ஆகும் காரியமன்று. எனினும், அத்தகையோருள் ஒருவரைப் பற்றியாவது எழுதவேண்டும் என்னும் எண்ணம் அண்மையில் எனக்கு உண்டாயிற்று. அவ்வெண்ணத்துக்குக் காரணமாயிருந்தவன் என்னிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவன்.

அவன் தேவாலயத்து இசைக்குழுவிலும் கலியாண வீடுகளிலும் டிரம் வாசிப்பவன். பலகாலம் சேர்த்த பணத்தைக் கொண்டு, பேர்போன கம்பனி ஒன்றின் பெயர் பொறித்த பெடல் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கியிருந்தான். வாங்கிய நாள் தொட்டு அவனுக்கு அமைதி இல்லை. கணுக்கால் வலித்தது, தாளம் பிந்தியது, குழுவினர் வேறு ஒருவனைத் தேடத் தொடங்கிவிட்டனர். உயர்ந்த பெடலே தனக்கு உதவவில்லை என்றால், குறை தன் காலில்தான் இருக்கவேண்டும் என்று அவன் தீர்மானித்துவிட்டான். கருவிகளை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கலாமா என்று கேட்கவே என் வீட்டுக்கு வந்திருந்தான்.

மிருதங்கமும் தவிலும் கேட்டு வளர்ந்தவன் நான். காலால் மிதித்து முழக்கும் முரசைப் பற்றி நான் அறிந்தது அற்பம். ஆயினும் மாணவன் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட ஆசிரியனுக்கு மனம் வருவதில்லை. அந்தப் பெடல் எங்கே தோன்றியது, யாருடைய தேவைக்காகத் தோன்றியது என்று தேடிப் படிக்கலானேன். அந்தத் தேட்டத்திலேதான் வில்லியம் லுட்விக் என்னும் மனிதரைக் கண்டேன்.

லுட்விக் 1879ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டில் நெண்டரோத் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்தபோதே அவருடைய குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சென்று, சிக்காகோ நகரிற் குடியேறியது. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த அந்தத் தொழில் நகரத்தில் ஜேர்மனியிலிருந்து வந்தோர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். இளமையிலேயே முரசு வாசிக்கக் கற்ற லுட்விக் அதனையே தம் பிழைப்பாகவும் கொண்டார். சர்க்கஸ் குழுக்களிலும் நாடக அரங்குகளிலும் வாசித்தார். வானொலியும் பேசும் படமும் தோன்றாத காலம் அது. மக்கள் இசை கேட்கவேண்டுமாயின் மனிதர் நேரில் இருந்து வாசித்தே ஆகவேண்டும்.

அக்காலத்து அரங்கில் டிரம் வாசிப்பவரின் நிலையை வாசகர்கள் சற்று மனக்கண்ணாற் காணவேண்டும். மேடைக்குக் கீழே ஒடுங்கிய பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் நெருங்கி அமர்ந்திருப்பார்கள். ஊர்வலங்களிலே ஒருவர் பெருமுரசை முழக்க, வேறொருவர் ஸ்னேர் டிரம் எனப்படும் சிறுமுரசை வாசிப்பது வழக்கம். அரங்கின் பள்ளத்திலோ இருவருக்கு இடமும் இல்லை. இருவருக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமும் இல்லை. ஆகவே ஒருவரே இரண்டையும் வாசிக்கலானார். பாஸ் டிரம் எனப்படும் பெருமுரசை ஒரு பக்கத்திலும் சிறுமுரசை மறு பக்கத்திலும் வைத்துக்கொண்டு, கையிலுள்ள கோலால் பெருமுரசை ஓர் அடி அடித்து, அக்கணமே அக்கோலைச் சிறுமுரசின் மேல் கொண்டு வருவார். ஒரு கை இரண்டு வீடுகளுக்குப் பணிவிடை செய்த கதைதான் அது.

காலுக்கு அவ்வேலையைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் லுட்விக்குக்கு முன்னரே பலருக்கு எழுந்திருந்தது. பெருமுரசின் மேல் விளிம்பிலிருந்து நீண்ட கோலொன்றைத் தொங்கவிட்டுக் காலால் இயக்கும் பெடல்கள் அப்போதே இருந்தன. ஆனால் நீண்ட கோல் ஊஞ்சலைப் போன்றது. அது தன் போக்கிலே போய்த் தன் போக்கிலே திரும்பும், அவசரப்படுத்தினால் கேளாது. நடையணிப் பாட்டுக்கும் வால்ஸ் நடனத்துக்கும் அது போதுமானதாயிருந்தது.

அந்த நேரத்திலேதான் ராக்டைம் என்னும் புதிய இசை நகரங்களைப் பற்றிக்கொண்டது. கறுப்பின அமெரிக்க இசைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்த அவ்விசை, எதிர்பார்த்த இடத்தில் அடியை வைக்காமல், அரை எட்டு முன்னும் பின்னும் தள்ளிவைத்து விளையாடும் இயல்பினது. சிக்காகோ அரங்கொன்றில் வாசித்துக்கொண்டிருந்த லுட்விக், தம் கால் விரும்பிய வேகத்தைப் பெடல் தரவில்லை என்பதை நாள்தோறும் உணர்ந்தார். இங்கே என் மாணவனுக்கும் லுட்விக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தேன். இருவருக்கும் நேர்ந்த இடர் ஒன்றே. மாணவன் குறை காலில் என்றான். லுட்விக் குறை கருவியில் என்றார். அந்த ஒரு தீர்மானமே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது.

அவர் மரத்தாலே ஒரு பெடலைத் தாமே செய்தார். மேலிருந்து தொங்கிய நீண்ட கோலை விலக்கிவிட்டு, நிலத்தின் மேல் நிற்கும் சட்டத்தில் குறுகிய அடிகோலைப் பொருத்தினார். குறுகிய கோல் கடக்கவேண்டிய தூரமும் குறுகியது. அடித்த கோலை மீளக் கொணரும் வேலையைச் சுருள்வில் ஏற்றது. மிதித்தால் அடிக்கும், விட்டால் திரும்பும், மறுபடி மிதிக்க ஆயத்தமாக நிற்கும். பார்க்க எளிய அமைப்புத்தான். ஆயினும் அதன் பின்னரே டிரம் வாசிப்பவரின் இரு கைகளும் உண்மையான விடுதலை பெற்றன என்று சொல்லலாம்.

லுட்விக்கின் மைத்துனர் ரொபர்ட் டன்லி இயந்திர வேலையில் வல்லவர். மரத்தில் இருந்த எண்ணத்தை அவர் உலோகத்தில் வார்த்துத் தந்தார். மற்றைய வாத்தியக்காரர்கள் அதனைக் கண்டு தமக்கும் ஒன்று வேண்டும் என்றனர். 1909ஆம் ஆண்டில் வில்லியமும் அவருடைய தம்பி தியோபால்டும் சேர்ந்து லுட்விக் அன்ட் லுட்விக் என்னும் கம்பனியைத் தொடங்கினர். தம்பியும் டிரம் வாசிப்பவரே. பகலிலே பெடல் செய்து இரவிலே அரங்கில் வாசித்து வாழும் மனிதர்களுக்குத் தாம் செய்த பொருளின் குறை பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரவில் அவர்கள் காலே அதனைச் சொல்லிவிடும்.

டிம்பனி என்னும் பெரிய செப்புக் குட முரசுகளின் சுருதியைக் காலால் மாற்றும் வழியையும் அவர்கள் தேடினர். பாட்டின் நடுவே சுருதி மாற்றவேண்டி வந்தால் வாத்தியக்காரர் கையால் பல திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டியிருந்த காலம் அது. இங்கும் லுட்விக் செய்தது அதே காரியம்: கைக்கு இருந்த சுமையைக் காலுக்கு மாற்றுதல். ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் ஒரே எண்ணம் ஆட்டிப்படைப்பது உண்டு. லுட்விக்கை ஆட்டியது இந்த எண்ணமே.

கம்பனி வளர்ந்தது. ஆனால் 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் இலட்சோபலட்சம் உயிர்களைக் கொண்டுபோன விஷக்காய்ச்சல் தியோபால்டையும் இளம் வயதிலேயே கொண்டுபோயிற்று. கம்பனியின் பெயரில் இரண்டு லுட்விக்குகள் இருந்தனர். தொழிற்சாலையில் ஒருவரே எஞ்சினார். பெயர் மாற்றப்படவில்லை. இறந்த தம்பி அப்பெயரில் தொடர்ந்து வாழ்ந்தார் என்றே நான் எண்ணுகின்றேன்.

அடுத்த பத்தாண்டுகள் செழிப்பானவை. மௌனப் படங்கள் ஓடிய கொட்டகைகளில் இசைக்குழுக்கள் இருந்தன. குதிரை ஓட்டம், இடி, மழை, புகைவண்டி ஆகிய ஒலிகளையெல்லாம் டிரம் வாசிப்பவரே எழுப்பிக் காட்டவேண்டும். அதற்கான கருவிகளை வாங்க அவர்கள் லுட்விக்கின் கடையைத் தேடி வந்தனர். ஆனால் 1927ஆம் ஆண்டில் ஜாஸ் பாடகன் என்னும் படம் திரையிலிருந்து பாடியும் பேசியும் காட்டிற்று. சில ஆண்டுகளுள் கொட்டகைகளின் இசைக்குழுக்கள் கலைக்கப்பட்டன. இருவர் செய்த வேலையை ஒருவர் செய்யப் பெடல் வழிவகுத்தது. இப்பொழுது அந்த ஒருவரும் வேண்டாதவரானார். இயந்திரத்தால் வாழ்ந்தவரை வேறோர் இயந்திரம் வீழ்த்திய கதை இது. பான்ஜோ என்னும் நரம்புக் கருவியைச் செய்வதிலும் கம்பனி பெரும் பணத்தை முடக்கியிருந்தது. கிதார் வந்து பான்ஜோவைத் தள்ளிவிட்டமையால் அந்த முதலும் கரைந்தது.

1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை ஒட்டி, லுட்விக் தம் கம்பனியை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரிலிருந்த கொன் கம்பனிக்கு விற்றார். கட்டிடத்தையும் இயந்திரத்தையும் விற்றால் மனிதன் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அவர் விற்றது அதனினும் பெரிது. அவருடைய பெயரும் கம்பனியோடு சேர்ந்து போயிற்று. எல்க்ஹார்ட்டுக்குச் சென்று, தம் பெயர் பொறித்த முரசுகள் பிறர் உடைமையாக வெளிவருவதை மேற்பார்த்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பெயரை இழப்பதென்பது எத்தகைய துயரம் என்பதை நாம் கதைகளிற் படித்திருக்கின்றோம். அதனை அவர் அலுவலக நாற்காலியில் அமர்ந்து அனுபவித்தார்.

அவர் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றிருக்கலாம். வயதும் அறுபதை அணுகிக்கொண்டிருந்தது. ஆயினும் அவர் வேலையை விட்டுச் சிக்காகோவுக்குத் திரும்பி, 1937ஆம் ஆண்டில், வட டேமன் வீதியில், மகனையும் துணைக்கொண்டு, புதிய கம்பனி ஒன்றைத் தொடங்கினார். லுட்விக் என்னும் பெயர் கொன் கம்பனிக்கு உரியது. ஆதலால் தம் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் எடுத்து டபிள்யூ. எஃப். எல். என்று கம்பனிக்குப் பெயரிட்டார். முழுப் பெயர் மறுக்கப்பட்டவருக்கு மூன்று எழுத்துக்களே மிச்சம்.

அந்த மூன்று எழுத்துக்களின் கீழ் அவர் வெளியிட்ட முதற் பொருள்களுள் ஒன்று ஸ்பீட் கிங் என்னும் பெடல். வேகத்தின் அரசன் என்பது அதன் பொருள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் மரத்தில் தொடங்கிய எண்ணம் அதிலே முதிர்ந்து நின்றது. சுருள்வில்கள் வெளியே தொங்காமல் இரு பக்கத்துத் தூண்களின் உள்ளே ஒடுங்கியிருந்தன. அச்சு உருள்குண்டுகளின் மேல் சுழன்றது. மிதிபலகைக்கும் அடிகோலுக்கும் இடையே தோல்வார் இல்லை. உறுதியான உலோக இணைப்பே இருந்தது. தோல்வார் நாளடைவில் இழுபட்டு நீளும். மிதிக்கும் அடிக்கும் இடையே அணுவளவு தாமதம் புகும். உலோக இணைப்பில் அந்தத் தாமதம் இல்லை.

இவற்றினும் என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஸ்பீட் கிங்கின் குதிகாற் பகுதியைத் திருப்பிப் பொருத்தலாம். ஒரு விதமாகப் பொருத்தினால் குதிகால் அசையாத தட்டில் ஓய்ந்திருக்க, முன்பாதம் மட்டும் பலகையை இயக்கும். மறு விதமாகப் பொருத்தினால் முழுப் பலகையும் ஒரே துண்டாகப் பாதத்தோடு அசையும். சுருள்வில்லின் இறுக்கத்தையும் திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம். அதாவது, எல்லாருடைய காலும் தம் கால் போன்றதன்று என்பதை லுட்விக் ஒப்புக்கொண்டார். தமக்காகச் செய்த கருவியைப் பிறருக்காகத் திறந்துவைத்தார். முதற் பெடலைச் செய்தவர் கெட்டிக்காரர். இந்தப் பெடலைச் செய்தவர் அநுபவசாலி.

இவ்விடத்தில் வாசகர்கள் அனுமதித்தால், பெடலைத் தெரிவு செய்வோர் அறியவேண்டிய சிலவற்றை லுட்விக்கின் கதையோடு சேர்த்தே கூறிவிடுகின்றேன்.

குதிகாலைத் தாழ்த்தி வாசிப்பவர் கணுக்காலின் வலிமையை மட்டும் பயன்படுத்துகின்றார். அவருடைய அடி மென்மையானது, கட்டுப்பாடு மிக்கது. ஜாஸ் இசையில், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பெருமுரசை இறகு தடவுவது போலத் தொட்டுச் செல்லும் முறை ஒன்று உண்டு. அது காதால் கேட்கப்படுவதினும் உடலால் உணரப்படுவது. அதற்குச் சுருள்வில் தளர்ந்தோ நடுத்தரமாகவோ இருத்தல் வேண்டும். அடிகோல் தோலுக்கு அருகிலேயே நிற்கவேண்டும். குதிகாலை உயர்த்தி வாசிப்பவரோ தொடையின் பாரம் முழுவதையும் இறக்குகின்றார். ரொக் இசையின் பேரடிக்கு அதுவே ஏற்றது. அவருக்கு இறுகிய சுருள்வில் வேண்டும். இல்லையேல் காலின் பாரம் தாங்காமல் கோல் திரும்பப் பிந்தும். அடிகோலும் பின்னே சாய்ந்து நின்றால்தான் ஓங்கி அடிக்கத் தூரம் கிடைக்கும்.

அடிகோலின் உயரமும் முரசின் அளவுக்கு ஏற்ப மாறவேண்டும். 18 அங்குல விட்டமுள்ள சிறிய ஜாஸ் முரசுக்கு மையம் 9 அங்குல உயரத்தில் இருக்கும். 22 அங்குல முரசுக்கு 11. 26 அங்குல முரசுக்கு 13. கோலை உயர்த்தினால் அடியின் பாரம் கூடும், வேகம் குறையும். தாழ்த்தினால் இலகுவாகும், பலம் குறையும். கோலின் தலை கம்பளியாயின் ஒலி மிருதுவாகும். இறுகிய நமுட்டாயின் நடுத்தரமாகும். மரமாயின் வெட்டென்று கேட்கும். பிற்காலத்துப் பெடல்களில் சங்கிலி சுற்றிச் செல்லும் சில்லு முழு வட்டமாயின் மிதி முதலிலிருந்து முடிவு வரை ஒரே சீராக இருக்கும். மையம் விலகியதாயின் முடிவில் வேகம் எடுக்கும். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை. எவருடைய காலுக்கு, எந்த இசைக்கு, எவ்வளவு பெரிய மண்டபத்துக்கு என்று கேட்பதே முறை.

நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. தவில் வித்துவான் விரல்களில் அணியும் கூட்டை அவரவர் விரலுக்கு அளவாகவே கட்டிக்கொள்கின்றார். ஒருவருடைய கூட்டை மற்றவர் வாங்கி அணிந்து வாசிப்பதில்லை. மிருதங்கக் கலைஞர் கச்சேரி தோறும் தொப்பியில் ரவையைப் புதிதாக அப்பி, அன்றைய சுருதிக்கு இசைய வைக்கின்றார். நேற்றுச் சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கும் என்று அவர் எண்ணுவதில்லை. அந்தப் பொறுமையையே லுட்விக் திருகாணியாகச் செய்து பெடலில் பொருத்தினார்.

மீண்டும் அவருடைய வாழ்க்கைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாத்தியங்களுக்கு உலோகம் பயன்படுத்துவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உலோகத்தால் ஆகவேண்டிய பகுதிகள் பலவற்றையும் மரத்தாலே செய்து கம்பனி உயிர் தாங்கியது. மரத்தில் தொடங்கியவரை மரமே மறுபடி காத்தது. போர் முடிந்தது. 1955ஆம் ஆண்டில், கொன் கம்பனி முரசுத் தொழிலைக் கைவிட முற்பட்டபோது, லுட்விக்கும் மகனும் தம் பெயரை விலை கொடுத்து வாங்கினர். தந்தை வைத்த பெயரை எழுபத்தாறு வயதில் பணம் கொடுத்து மீட்ட மனிதரின் மனநிலையை என்னால் ஊகிக்கத்தான் முடிகின்றது. தம்பியின் நினைவும் அப்பெயரோடு வீடு திரும்பியிருக்கும்.

அதன் பின் நிகழ்ந்ததை எந்த நாவலாசிரியனும் துணிந்து எழுதமாட்டான். நம்பகமில்லை என்று வாசகர் தள்ளிவிடுவர். 1963ஆம் ஆண்டில் ரிங்கோ ஸ்டார் என்னும் ஆங்கிலேய இளைஞர் இலண்டன் கடையொன்றில் லுட்விக் முரசுத் தொகுதி ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அவர் பீட்டில்ஸ் குழுவினர். 1964 பெப்ரவரி 9ஆம் திகதி இரவு அக்குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில், எட் சலிவன் நடத்திய நிகழ்ச்சியில் தோன்றியபோது, ஏறக்குறைய 7 கோடியே 30 இலட்சம் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். பெருமுரசின் முகத்திலே லுட்விக் என்னும் பெயர் எழுதியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த முரசை அவர் செய்திருந்தால் அதில் மூன்று எழுத்துக்களே இருந்திருக்கும். அந்த இரவின் பின் சிக்காகோத் தொழிற்சாலை இரவு பகலாக இயங்கியும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடியவில்லை.

ரிங்கோவின் கால் மிதித்தது ஸ்பீட் கிங் பெடலையே. அவருடைய அடி அளவானது; பாட்டை முந்தாது. சில ஆண்டுகளின் பின், லெட் செப்பெலின் குழுவின் ஜோன் பொனமும் அதே ஸ்பீட் கிங்கை மிதித்தார். அவருடைய பெருமுரசு 26 அங்குலம். அவருடைய அடியோ மலையிலிருந்து பாறை உருள்வது போன்றது. ஒரே பெடல் இவ்விருவருக்கும் பயன்பட்டது என்பதிலிருந்தே அதன் பெருமையை உணரலாம். அதன் குறையையும் மறைக்கவேண்டியதில்லை. எண்ணெய் வற்றினால் அது கிரீச்சென்று கத்தும். 1970ஆம் ஆண்டில் வெளிவந்த லெட் செப்பெலின் இசைத்தட்டு ஒன்றில் அந்தக் கத்தல் தெளிவாகப் பதிந்திருக்கின்றது. சுருள்வில்கள் தூணுக்குள் மறைந்திருப்பதால் எண்ணெய் இடுவதும் சரிபார்ப்பதும் எளிதல்ல. இன்றைய பெடல்களில் உள்ளது போல, கோலின் சாய்வையும் மிதிபலகையின் சரிவையும் தனித்தனியே மாற்றும் வசதியும் அதில் இல்லை. பின்வந்தவர்கள் அவற்றைச் சேர்த்தனர். லுட்விக் வாசலைத் திறந்தார். மற்றவர்கள் அறைகளைக் கட்டினர்.

1973ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதைக் கடந்தபின், லுட்விக் காலமானார். 1981ஆம் ஆண்டில் அவருடைய கம்பனி செல்மர் கம்பனிக்கு விற்கப்பட்டது. அரும்பாடுபட்டு மீட்ட பெயர் மறுபடியும் குடும்பத்தின் கையைவிட்டு நீங்கியது. பெயர்களின் இயல்பே அதுதான் போலும். அவை வாங்கப்படும், விற்கப்படும், இரும்பில் பொறிக்கப்படும், துருவேறி அழியும். ஆனால் அடிகோலை நிலத்தருகே இறக்கிச் சுருள்வில்லால் மீட்கும் அந்த எண்ணத்தையும், ஆளுக்கு ஆள் கால் வேறு என்னும் அந்த அறிவையும் எவரும் அவரிடமிருந்து வாங்கவும் இல்லை, அவர் எவருக்கும் விற்கவும் இல்லை. உலகில் இன்று டிரம் வாசிக்கும் ஒவ்வொருவர் காலின் கீழும் அவை இருக்கின்றன.

இவ்வளவையும் படித்தபின் என் மாணவனைப் பெடலோடு வரச்சொன்னேன். இருவரும் விறாந்தையில் அமர்ந்து அதனை ஆராய்ந்தோம். முன்னர் அதனை வைத்திருந்தவர் பேரடி அடிப்பவராக இருந்திருக்கவேண்டும். சுருள்வில் எல்லை மட்டும் இறுக்கப்பட்டிருந்தது. அடிகோல் நன்றாகப் பின்னே சாய்ந்தும், உயரமாக நீண்டும் நின்றது. என் மாணவனோ சிறிய தேவாலயத்தில், குதிகாலைத் தாழ்த்தி, மென்மையாகப் பாட்டுக்குத் துணை செய்பவன். வேறொருவனுடைய செருப்பை அணிந்துகொண்டு, நடக்கத் தெரியவில்லை என்று அவன் அழுதிருக்கின்றான்.

சுருள்வில்லைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். கோலைத் தோலுக்கு அருகே கொண்டுவந்தோம். முரசின் மையத்துக்கு ஏற்பத் தாழ்த்தினோம். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அவன் கண்ணை மூடிக்கொண்டு மிதித்துப் பார்த்தான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவேண்டாம் என்று மட்டும் நான் சொன்னேன். எது உதவியது என்று தெரியாமற் போய்விடும் அல்லவா? பொழுது சாயும் வேளையில் அவன் முகத்தில் இருந்த இறுக்கமும் சுருள்வில்லைப் போலவே தளர்ந்திருந்தது.

குறை எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கணுக்கால் வலி நீங்கச் சில வாரம் ஆயிற்று. கலியாண வீட்டில் பைலாப் பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது தளர்ந்த சுருள்வில் போதாது என்பதையும் அவனே கண்டுபிடித்தான். இப்பொழுது அவனுடைய திருகாணியின் அருகில் இரண்டு அடையாளங்கள் உள்ளன. தங்கையின் நகப்பூச்சால் இட்டவை. ஒன்று தேவாலயத்துக்கு, மற்றது கலியாண வீட்டுக்கு. குழுவினர் வேறு ஒருவனைத் தேடுவதை நிறுத்திவிட்டனர். பெடலில் பொறித்திருந்த பெயர் தேய்ந்து பாதி அழிந்துவிட்டது என்று அண்மையில் காட்டினான். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.